கம்ப்ரசர் பராமரிப்பும் பழுது கண்டுபிடிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறை மூலையில் ஒரே இடத்தில் நின்று, பெல்ட்டில் ஓடும் பிஸ்டன் கம்ப்ரசரைப் பற்றியது இந்தப் பக்கம். கீழே டேங்க், அதன் முதுகில் பம்பும் மோட்டாரும். ஸ்குரூ கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர், லீக், டேங்க் பற்றிய பதில்கள் அப்படியே பொருந்தும், மற்றவை பொருந்தாது. பட்டறையில் பேசுவதுபோலவே பிரஷரைக் கிலோவில் சொல்கிறேன். 1 கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ; கிட்டத்தட்ட 1 பார், 14 பி.எஸ்.ஐ.

பழுது பார்க்கும் முன், காற்று போகும் வழியைச் சொல்ல முடியுமா?

அது தெரிந்தால் பாதிப் பழுதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஃபில்டர் வழியாக வரும் காற்று, சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டுக்குள் இருக்கும் சக்‌ஷன் வால்வைத் திறந்துகொண்டு சிலிண்டருக்குள் இறங்குகிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது அது நசுங்கிச் சூடாகி, டெலிவரி வால்வு வழியாக வெளியேறுகிறது. அங்கிருந்து செப்புக் குழாயில் போய், டேங்க் வாயில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைத் தாண்டி உள்ளே விழுகிறது. உள்ளே போன காற்று திரும்பி வரக் கூடாது. அதற்குத்தான் அந்த வால்வு.

பிரஷரைப் பார்த்து மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச்சிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அந்த நான்-ரிட்டர்ன் வால்வுக்கு வந்து சேரும். மெஷின் நின்றதும் 'ட்ஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்கிறதே, அது இதன் வேலை. பம்புக்கும் டேங்க்குக்கும் நடுவில் தங்கிய காற்றை, ஸ்விட்ச்சோடு இருக்கும் அன்லோடர் வெளியே விட்டுவிடுகிறது. அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் கிளம்ப வேண்டும், அதற்காக. இந்தச் சீறலின் நீளத்தைக் காதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதை வைத்துத்தான் பல விஷயம் பேசப் போகிறோம்.

தினமும் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?

ஸ்விட்ச் போடும் முன், பம்பில் ஆயில் அளவைக் காட்டும் ஆயில் கிளாஸைப் பாருங்கள். வேலை முடிந்ததும் டேங்க்கிலிருந்து தண்ணீரை இறக்குங்கள். நடுவில் ஒருமுறை பக்கத்தில் நின்று சத்தம் கேளுங்கள். மூன்றும் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகாது.

நாங்கள் தண்ணீரே ஊற்றவில்லை. டேங்க்கில் எப்படி இவ்வளவு தண்ணீர்?

காற்றில் இருந்த தண்ணீர்தான். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அதில் 21 கிராம் இருக்கிறது. இப்படி எட்டு கன மீட்டர் காற்றை அழுத்தி ஒரு கன மீட்டருக்குள் திணித்தால், உள்ளே மொத்தம் 168 கிராம் நீராவி. காற்றை எவ்வளவு நசுக்கினாலும், பழைய சூட்டுக்கு ஆறிய பிறகு அந்த ஒரு கன மீட்டர் தாங்குவது அதே 30 கிராம்தான். மிச்சம் 138 கிராம் தண்ணீராகக் கீழே விழுந்தே ஆக வேண்டும்.

நிமிடத்துக்கு 300 லிட்டர் தரும் ஒரு சாதாரண மெஷின் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 18 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. மேலே சொன்ன கணக்கில் அது சுமார் 300 மில்லி தண்ணீர். மழை நாளில் இன்னும் கூடும். எல்லாமே டேங்க்கில் விழாது. கொஞ்சம் சூடு ஆறாமலே குழாய்க்குப் போய், அங்கே ஆறி, உங்கள் ஸ்பிரே கன்னிலோ டூலிலோ வந்து சொட்டும். டேங்க்கில் விழுவது அடிப்பகுதியில் தேங்கி, இரும்பை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு மெலிந்துகொண்டே போகும். கம்ப்ரசரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல அனுமதி கிடைத்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

தண்ணீரை எப்படி இறக்குவது? பிரஷர் இருக்கும்போது திறக்கலாமா?

மெஷினை நிறுத்தி, பிரஷர் 1 அல்லது 2 கிலோவுக்கு இறங்கியதும் திறப்பது நல்லது. முழு பிரஷரில், டேங்க் அடியில் இருக்கும் டிரெயின் திருகைத் திறந்தால் கல்லும் துருவும் கண்ணில் அடிக்கும். சுத்தமாகக் காற்றே இல்லாமல் திறந்தால் சேறு வெளியே தள்ளப்படாமல் அடியிலேயே தங்கிவிடும்.

ஒரு டப்பாவைக் கீழே வைத்து, திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். முதலில் வருவது டீ நிறத் தண்ணீர். அதன் மேல் லேசாக எண்ணெய்ப் படலம் மிதக்கும். பிறகு காற்றும் நீரும் கலந்து துப்பும், கடைசியில் வெறும் காற்று. இது வழக்கமானது. டப்பாவின் அடியில் துருச் செதில்கள் தட்டையாகப் படிந்தால், டேங்க்கின் உள் தகடு உரிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். தண்ணீர் பால் போல வெளுத்து, ஆயில் நிறைய வந்தால் பம்ப் ஆயில் தள்ளுகிறது. அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது.

டேங்க்குக்கு அடியில் படுத்துத் திருக வேண்டிய திருகு என்றால் யாரும் தினமும் செய்ய மாட்டார்கள். ஒரு முழங்கைக் குழாய், சின்ன குழாய், கைப்பிடியால் திறந்து மூடும் பால் (ball) வால்வு போட்டு கை எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தண்ணீரைத் தானாக இறக்கும் ஆட்டோ டிரெயின் போட்டாலும் வாரம் ஒருமுறை கையால் திறந்து பாருங்கள். அது துருவில் அடைத்துக்கொண்டு வேலை செய்யாமல் கிடப்பது சகஜம்.

கம்ப்ரசர் முன்பைவிடச் சீக்கிரம் நிறைகிறது. நல்லதுதானே?

இல்லை. இந்தக் கேள்வியை ஒரு பட்டறையில் சந்தோஷமாகவே என்னிடம் கேட்டார்கள். சர்வீஸ் எதுவும் செய்யவில்லை, ஆனாலும் டேங்க் பாதி நேரத்தில் நிறைகிறது என்றார்கள். டிரெயின் திருகு துருவேறி இறுகியிருந்தது, பல மாதமாக யாரும் திறக்கவில்லை. காற்றை முழுக்க இறக்கிவிட்டு அதைக் கழற்றினோம். வாளிக்கு மேல் வாளியாகத் தண்ணீர் வந்தது. டேங்க்கில் பாதி தண்ணீர். காற்றுக்கு மிச்சம் இருந்தது பாதி இடம், அதனால்தான் சீக்கிரம் நிறைந்தது. மெஷின் அடிக்கடி நின்று கிளம்பியதில் ஸ்விட்ச்சின் காண்டாக்ட்டும் தேய்ந்து கருகியிருந்தது.

அதிலிருந்து நான் எந்த மெஷினுக்கும் முதலில் கேட்பது ஏறும் நேரத்தைத்தான். டேங்க்கை முழுக்க இறக்கி, வெளியே போகும் வால்வை மூடி, 0-விலிருந்து மெஷின் தானாக நிற்கும் (கட்-ஆஃப் ஆகும்) வரை எத்தனை நிமிடம் என்று பார்ப்பது. மெஷின் புதிதாகவோ நல்ல நிலையிலோ இருக்கும்போதே இதை அளந்து, டேங்க் மேலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள். டாக்டர் நாடி பார்ப்பது மாதிரி இது. கூடினாலும் கோளாறு, குறைந்தாலும் கோளாறு.

கணக்கும் சுலபம். 220 லிட்டர் டேங்க், 8 கிலோ வரை ஏறுகிறது: 220 × 8 = 1760 லிட்டர் காற்று. 6 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 290 லிட்டர் சொச்சம் தருகிறது. பெயர்த்தகட்டில் இதைவிட அதிகமாகப் போட்டிருந்தால் பதற வேண்டாம். பல தகடுகளில் இருப்பது பிஸ்டன் அடித்துத் தள்ளும் கொள்ளளவு. உண்மையில் வெளியே வரும் காற்று அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். தகட்டோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் மெஷினின் பழைய நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

ஏறும் நேரம் கூடிவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சுலபமானதிலிருந்து. வெளியே போகும் வால்வை மூடி அளந்தால் நேரம் சரியாக இருக்கிறது, திறந்தால் கூடுகிறது என்றால் பம்பைத் தொடவே வேண்டாம். லீக் வெளியே இருக்கிறது. மூடியும் கூடுதலாகவே இருந்தால், முதலில் ஃபில்டர். தூசி இல்லாத இடமாகப் பார்த்து, ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை மட்டும் ஏற்றிப் பாருங்கள். நேரம் குறைந்தால் அடைப்பு அதில்தான். அப்புறம் பெல்ட்: அதை மூடியிருக்கும் கார்டுக்குக் கீழே கறுப்புப் பொடி கொட்டிக் கிடந்தால் வழுக்குகிறது.

இரண்டும் சரி என்றால், மெஷின் ஓடும்போது ஃபில்டர் வாயருகே உள்ளங்கையைக் காட்டுங்கள். உறிஞ்சல் மட்டுமே தெரிய வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'புஸ், புஸ்' என்று காற்று கையில் திரும்பி அடித்தால் சக்‌ஷன் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்து ஆயில் ஊற்றும் மூடியின் மூச்சுத் துளையைக் கவனியுங்கள். அங்கே காற்று பலமாக அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லை, ஆனால் ஹெட் வழக்கத்தைவிட அதிகம் கொதிக்கிறது என்றால் டெலிவரி வால்வு அல்லது கேஸ்கட். தள்ளிய சூடான காற்றே திரும்ப உள்ளே வந்து மறுபடி நசுங்குகிறது, அதனால்தான் அந்தச் சூடு.

ஹெட்டைத் திறந்து வால்வைச் சுத்தம் செய்ய நானே முயலலாமா?

கை பழக்கம் இருந்தால் செய்யலாம். மெயின் ஸ்விட்ச்சை அணைத்துப் பூட்டுங்கள் அல்லது ஃபியூஸைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் குறைந்ததும் இந்த மெஷின் யாரையும் கேட்காமல் தானாகக் கிளம்பும். பிரஷர் காட்டும் கேஜ் 0 காட்டினால் போதாது, டிரெயினைத் திறந்தே வையுங்கள். கேஜ் முள் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லலாம்.

வால்வு பிளேட்டை எடுக்கும்போது எது மேல், எது கீழ் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரீட் வால்வு என்பது மெல்லிய ஸ்டீல் நாக்கு. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். முடியளவு விரிசல் இருந்தால் கோடாகத் தெரியும். அதை மாற்றித்தான் ஆக வேண்டும், ஒட்டவோ வளைத்துச் சரிசெய்யவோ முடியாது. விரிசல் இல்லை, கரி மட்டும் படிந்திருக்கிறது என்றால் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். நாக்கு உட்காரும் இடத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கண்டிப்பு: காற்று போகும் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். மிச்சம் இருக்கும் ஆவி, அழுத்தத்தில் சூடான காற்றோடு சேர்ந்து உள்ளேயே தீப்பிடித்து வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிட்டால் போதும்.

பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் சமமாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். மூடியதும் ஏறும் நேரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.

மெஷின் நின்ற பிறகும் பிரஷர் ஸ்விட்ச்சுக்கு அடியில் காற்று சீறிக்கொண்டே இருக்கிறது. ஸ்விட்ச்சை மாற்ற வேண்டுமா?

ஸ்விட்ச்சை மாற்றிப் பணத்தை வீணாக்கும் முன் இதைப் படியுங்கள். நின்றதும் ஓரிரு விநாடி சீறுவது சரி. நிற்காமல் சீறினால், பெரும்பாலும் குற்றவாளி நான்-ரிட்டர்ன் வால்வு. டேங்க் காற்று அதன் வழியாகத் திரும்பி வந்து அன்லோடரில் வெளியேறுகிறது. சத்தம் கேட்பது ஸ்விட்ச்சில், பழுது இருப்பது டேங்க் வாயில். ஸ்விட்ச்சை மாற்றியும் சீறல் நிற்கவில்லை என்று வருபவர்கள் நிறைய.

டேங்க்கை முழுக்க இறக்கிவிட்டு நான்-ரிட்டர்ன் வால்வின் பித்தளைத் தலையைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு வட்டத் தட்டு. தட்டின் முகத்தில், அது உட்காரும் விளிம்பின் தடம் வட்டமாகப் பதிந்திருக்கும். அந்த வட்டம் ஓரிடத்தில் அறுந்திருந்தால் அல்லது அங்கே கடுகளவு கரி ஒட்டியிருந்தால், காற்று திரும்பியது அந்த வழியாகத்தான். கரியைத் துடைத்து எடுத்தால் பல நேரம் அத்தோடு சரியாகிவிடும். தட்டு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கரி வந்தது ஏன் என்றும் யோசிக்க வேண்டும். தவறான ஆயில், அல்லது ஹெட் அதிகம் சூடாவது.

ஓடும்போது மட்டும் அன்லோடரில் சீறுகிறது, நின்றால் இல்லை என்றால் அது வேறு: அன்லோடரின் சின்ன வால்வு மூடவில்லை. அதை மட்டும் மாற்றினால் போதும். நின்றதும் சீறலே இல்லை என்றால் அன்லோடர் அடைத்திருக்கிறது, அடுத்த கேள்விக்குப் போங்கள்.

மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை.

உடனே அணையுங்கள். முனகும் ஒவ்வொரு விநாடியும் மோட்டார் சுருள் கொதிக்கிறது.

அணைத்த பிறகு டேங்க்கை 0 வரை இறக்கி மறுபடி போட்டுப் பாருங்கள். காலி டேங்க்கில் ஜோராகக் கிளம்புகிறது, 6 கிலோவில் கிளம்ப மறுக்கிறது என்றால் மோட்டாரில் தப்பில்லை. பிஸ்டன் தலையில் பழைய பிரஷர் இறங்காமல் நிற்கிறது. அன்லோடரையோ நான்-ரிட்டர்ன் வால்வையோ பாருங்கள்.

காலி டேங்க்கிலும் கிளம்பவில்லையா? மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட் கார்டை எடுத்து, பம்பின் வீலைக் கையால் சுற்றுங்கள். இறுகிக் கிடந்தால் பம்ப் பிடித்துவிட்டது. மேற்கொண்டு ஸ்விட்ச் போடாதீர்கள். லேசாகச் சுற்றினால் கோளாறு மின்சாரப் பக்கம். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் பெரும்பாலும் ஸ்டார்ட் கெபாசிட்டர். அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். கரன்ட் அளவு மீறினால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே சரியான அளவில் வைக்கப்பட்டிருந்தால் மோட்டார் எரியாமல் தப்பும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயர். கிளம்பும் அந்த ஒரு நொடியில் மோட்டார் வழக்கமான கரன்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். வயரில் வோல்டேஜ் விழுந்து, மோட்டாருக்கு வலு பத்தாமல் போகும். வயரை நீட்டுவதைவிட ஏர் ஹோஸை நீட்டுங்கள்.

என்ன ஆயில் ஊற்றுவது? வண்டிக்கு ஊற்றும் ஆயில் போதாதா?

கம்ப்ரசர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பிஸ்டன் கம்ப்ரசருக்குப் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 100 என்ற கெட்டித்தன்மை உள்ள ஆயிலைக் கேட்பார்கள். உங்கள் மெஷின் புத்தகம் வேறு சொன்னால் அதையே கேளுங்கள். வண்டி ஆயிலில் அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்ளும் மருந்து கலந்திருக்கிறது. அதற்கு வண்டியில் ஆயில் ஃபில்டர் உண்டு, சாதாரண பிஸ்டன் கம்ப்ரசரில் இல்லை. அந்த மருந்து தண்ணீரையும் ஆயிலோடு கலக்கவைக்கும், சூடான வால்வில் கரியாகவும் படியும்.

புது மெஷினில் முதல் மாற்றம் 50 முதல் 100 மணி நேர ஓட்டத்துக்குள். உள்ளே உரசி வந்த பொடி எல்லாம் அதில் இருக்கும். பிறகு புத்தகம் சொல்லும் கணக்கு; பல மெஷின்களுக்கு அது 500 மணி நேரம். சூடாக இருக்கும்போதே இறக்குங்கள், அழுக்கும் சேர்ந்து வரும். அளவு கிளாஸின் நடுவில் நிற்கட்டும். குறைந்தால் பேரிங் போகும், கூடினால் ஆயில் காற்றோடு போகும்.

கிளாஸில் ஆயில் வெளுத்துப் பால் போலத் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. நாளுக்கு நாலு நிமிடம் மட்டும் ஓடும் மெஷினில் இது வரும், ஏனென்றால் பம்ப் சூடேறி ஈரத்தை விரட்டும் முன்பே நின்றுவிடுகிறது. ஆயிலை மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறை டிரெயினைக் கொஞ்சம் திறந்து வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

காற்றோடு ஆயில் வருகிறது, பெயின்ட்டில் கண் கண்ணாகப் பள்ளம் விழுகிறது.

ஆயில் அளவு கூடியிருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த ஃபில்டர் சிலிண்டருக்குள் வெறுமையை உண்டாக்கி, கீழிருந்து ஆயிலை மேலே இழுக்கும். இரண்டும் சரி என்றால் ரிங். புது ரிங் போட்ட பிறகும் முதல் சில மணி நேரம் கொஞ்சம் ஆயில் வரத்தான் செய்யும், பொறுங்கள்.

பெல்ட் எவ்வளவு இறுக்கம் இருக்க வேண்டும்?

இரண்டு புல்லிகளுக்கும் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்கலாம். அதற்கு மேல் இறுக்கினால் மோட்டார் பேரிங் கெடும். இரண்டு பெல்ட் ஓடும் மெஷினில் ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதுப் பெல்ட் முதல் நாள் ஓட்டத்திலேயே கொஞ்சம் நீளும். மறுநாள் ஒருமுறை பார்த்து இறுக்குங்கள்.

மூன்று ஃபேஸ் மெஷினை இடம் மாற்றி வயர் கொடுத்தால் சுற்றும் திசையைப் பாருங்கள். வீலின் கைகள் விசிறி இறக்கை போல் வளைந்திருப்பது பம்ப் மேல் காற்று அடிப்பதற்காக. எதிர்த் திசையில் சுற்றினாலும் டேங்க் நிறையும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஹெட் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

இரண்டு ஸ்டேஜ் மெஷினில் நடுக் குழாயின் சேஃப்டி வால்வு அடிக்கடி அடிக்கிறது.

இதில் காற்று இரண்டு முறை நசுங்குகிறது: பெரிய சிலிண்டர் முதல் ஸ்டேஜ், சின்னது இரண்டாம் ஸ்டேஜ். டேங்க் 8–10 கிலோவில் இருக்கும்போது நடுவில் 2 கிலோ, 2.3 கிலோ அளவு நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறி வால்வு அடித்தால் சின்ன சிலிண்டரின் வால்வு மூடாமல், நசுக்கிய காற்று திரும்பி நடுக் குழாய்க்கு வருகிறது. நடுவில் பிரஷர் குறைவாக இருந்தால் பெரிய சிலிண்டரின் வால்வு அல்லது ஃபில்டர். அடிக்கிற வால்வை இறுக்கி வாயை அடைக்கும் பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

டேங்க் சேஃப்டி வால்வைத் தொடலாமா?

மாதம் ஒருமுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, டேங்க்கில் பிரஷர் இருக்கும்போது வளையத்தை இழுத்துவிடுங்கள். காற்று வேகமாக வெளியேறி, விட்டதும் சுத்தமாக மூட வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் மாற்றுங்கள். அதன் ஸ்க்ரூவைத் திருகி அளவை மாற்றக் கூடாது.

லீக் எவ்வளவு என்று அளக்க முடியுமா?

எந்த டூலும் ஓடாத நேரத்தில், லைன் முழுக்கத் திறந்திருக்க, 8 கிலோவில் மெஷினை அணையுங்கள். 7 கிலோவுக்கு இறங்க எத்தனை நிமிடம்? அந்த 220 லிட்டர் டேங்க்கில் 4 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 55 லிட்டர் வீணாகிறது. மெஷின் தரும் 290 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. 7 கிலோவில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு 600 லிட்டர் அளவு காற்றை விட்டுவிடும். அப்படி ஒரு ஓட்டையே இந்த மெஷினை முழு நாளும் நிற்கவிடாமல் ஓட்டி எரித்துவிடும்.

சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போங்கள். ஹோஸ் கிளிப், குவிக் கப்ளிங், ரெகுலேட்டரின் அடி, இந்த மூன்றிலும்தான் அதிகம் நுரைக்கும். லீக்கால் பிரஷர் பத்தவில்லை என்று ஸ்விட்ச்சில் பிரஷரைக் கூட்டாதீர்கள். 1 கிலோ கூட்டினால் மின்சாரம் 6–7 சதவீதம் கூடுதலாகப் போகும், லீக்கும் சேர்ந்து கூடும்.

லைனுக்கு பி.வி.சி. குழாய் போடலாமா?

கூடாது. தண்ணீர்க் குழாயில் உடைந்தால் ஒழுகும், காற்றுக் குழாயில் உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாகச் சிதறும். ஆயிலும் சூடும் பட்டு நாளாக ஆக அது இன்னும் நொறுங்கும் தன்மைக்குப் போகும். இரும்பு, செப்பு, காற்றுக்கென்றே வரும் அலுமினியக் குழாய் ஏதாவது போடுங்கள். லேசான சரிவு கொடுத்து, கிளைக் குழாயை மெயின் லைனின் மேல் பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்கினால் தண்ணீர் டூலுக்கு வராது.

டேங்க்கில் ஊசி முனை அளவு துளை. வெல்டு வைத்து அடைத்துவிடலாமா?

கூடாது. துளை விழுந்த இடம் மட்டும்தான் உங்களுக்குத் தெரிகிறது. சுற்றியுள்ள தகடும் அதே தண்ணீரில் கிடந்து அதே அளவு மெலிந்ததுதான். 8 கிலோ பிரஷரில் ஒரு 220 லிட்டர் டேங்க்கில் அடைபட்டிருக்கும் சக்தி, ஒரு டன் எடையுள்ள காரை 25 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. டேங்க் கிழிந்தால் அது ஒரே நொடியில் வெளியே வரும், பக்கத்தில் நிற்பவர் மேல். ஊசித் துளை தெரிந்த அன்றே காற்றை இறக்கி மெஷினை நிறுத்துங்கள். டேங்க்கை மாற்றுங்கள், பம்பையும் மோட்டாரையும் புது டேங்க்கில் ஏற்றிக்கொள்ளலாம்.

துளை விழும் வரை காத்திருக்காமல், தகுதியுள்ளவரை வைத்துத் தகட்டின் கனத்தையும் டேங்க்கின் பிரஷரையும் காலமுறைப்படி சோதியுங்கள். பிரஷர் சோதனை தண்ணீரில்தான் செய்ய வேண்டும். தண்ணீர் நசுங்காது, தகடு பிளந்தாலும் வெடிக்காது. காற்றில் செய்தால் சோதனையே விபத்தாகலாம்.

தட்டுகிற சத்தம் வருகிறது.

முதலில் வெளியே தேடுங்கள். வீலைத் தண்டோடு பிணைக்கும் சாவி தளர்ந்திருக்கலாம், மோட்டார் புல்லி ஆடலாம், பெல்ட் கார்டு உரசலாம். டேங்க் கால் ஒன்று தரையில் படாமல் இருக்கலாம். அதைப் போல்ட்டால் இழுத்துத் தரையோடு இறுக்காதீர்கள், வெல்டில் விரிசல் விழும். அடியில் தகடோ ரப்பரோ கொடுத்துச் சமன் செய்யுங்கள். வெளியே எதுவும் இல்லை, தட்டல் பம்ப் உள்ளிருந்துதான் என்றால் கனெக்டிங் ராட், பிஸ்டன் பின், பேரிங். ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எங்கே வைத்தால் நல்லது?

சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி, காற்றோட்டமுள்ள, தூசியும் பெயின்ட் ஆவியும் இல்லாத இடத்தில். வீல் பக்கத்தைச் சுவரோடு ஒட்டினால் பம்ப் தன் சூட்டையே திரும்பக் குடிக்கும்.

எதையெல்லாம் எழுதி வைப்பது?

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, ஆயில் மாற்றிய நாள், ஏறும் நேரம். என்னிடம் இருக்கும் ஒரு நோட்டில் மாதக் கணக்கு இப்படிப் போகிறது: 6 நிமிடம் 10 விநாடி, 6–15, 6–20, அடுத்து திடீரென்று 7–05. அன்று ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தோம், 6–50 ஆனது. மிச்சம் அரை நிமிடத்துக்காக ஹெட்டைத் திறந்தோம். சக்‌ஷன் நாக்கின் வேரில், நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படும் ஒரு விரிசல் இருந்தது. அது முழுதாக முறிந்து சிலிண்டருக்குள் விழுந்திருந்தால் பிஸ்டனும் போயிருக்கும். புது ரீட் போட்டு மூடியதும் அடுத்த வரியில் எழுதியிருக்கிறது: 6–10.